சட்டத்தில் பெண்ணை எழுதுவது எப்படி?

தம்பி, சட்டத் துறையின் வரைவுப் பிரிவில் சேர்ந்திருக்கிறாயாம். மகிழ்ச்சி. இன்றோ நாளையோ உன் மேசைக்கு ஒரு கோப்பு வரும். பெண் யார், ஆண் யார், இரண்டிலும் சேராதவர் யார் என்று ஒரு பொருள் வரையறை எழுதித் தரச் சொல்லி மேலிடத்துக் குறிப்பு அதில் செருகியிருக்கும். பதறாதே. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்து கைபழகிய பரம்பரை நம்முடையது. ஓய்வுபெற்ற பெரியவன் என்ற உரிமையில் அதன் சூட்சுமங்களைச் சொல்லித் தருகிறேன்.

முன்குறிப்பு ஒன்று. இந்தக் கையேட்டில் 'தம்பி' என்று வரும் இடமெல்லாம் தங்கையும் அடங்குவாள். இது என் பெருந்தன்மை இல்லை. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 13-ஆம் பிரிவு. ஆண்பாலில் எழுதினால் பெண்ணையும் சேர்த்தே எழுதியதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆனால் பொருளிலோ சூழலிலோ அதற்கு முரணாக எதுவும் இருக்கக் கூடாதாம். இந்த நிபந்தனையை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள். நம் பிழைப்பே அதற்குள்தான் இருக்கிறது.

முதல் பாடம்: வரையறுக்காதே

வரையறை கேட்டால் உடனே வரையறுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் காரியம். பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பெண் என்றால் எந்த வயதிலும் உள்ள பெண்பால் மனிதர் என்றது. அடேயப்பா! பெண் யார் என்று கேட்டவனிடம் பெண்பாலர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனும் போய்விட்டான். அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2023-இல் பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தபோதும் இந்த வாசகத்தில் கை வைக்கவில்லை. நல்ல சரக்கு கெடாது.

புதிய சட்டத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'அவன்' என்று எழுதினால் ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும் என்று சேர்த்தார்கள். ஆகக் குற்றவாளிக் கூண்டில் திருநருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் பக்கம் போய்ப் பார்த்தால், வன்புணர்வுப் பிரிவு பழையபடி ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்வதாகவே நிற்கிறது. பழைய சட்டத்தின் 377-ஆம் பிரிவையும் மொத்தமாக எடுத்துவிட்டதால், வயதுவந்த ஆணுக்கோ திருநருக்கோ அது நேர்ந்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று காவல் நிலைய எழுத்தர் தலையைச் சொறிய வேண்டியதுதான். திருநருக்கென்று 2019-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறதே என்பாய். அந்தச் சட்டம் வந்தபோது அவர்கள்மீதான பாலியல் கொடுமைக்கு வைத்த தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம். அதே காலத்தில் பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே பத்து வருடம். சேர்க்கும் இடத்தில் தாராளம், கொடுக்கும் இடத்தில் சிக்கனம். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை போல இருக்க வேண்டும் உன் வரையறை: உள்ளே போடும்போது வாய் விரிய வேண்டும், வெளியே எடுக்கும்போது இறுக வேண்டும்.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது கல்கத்தா உயர் நீதிமன்றம். ரெஜினா குஹா என்ற பெண் சட்டம் படித்துத் தேறி, வழக்கறிஞராகப் பதிவு செய்யுங்கள் என்று போய் நின்றார். 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் சட்டத்தில் 'நபர்' என்றுதான் இருக்கிறது, ஆண் என்று இல்லை. ஆண்பாலில் சொன்னதே பெண்ணையும் குறிக்கும் என்று 13-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. வேறெந்த நாட்டு நீதிபதியாக இருந்தாலும் திணறியிருப்பார் என்று நினைக்கிறாயா? இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே கேள்விக்கு முன்பே பதில் சொல்லி வைத்திருந்தார்கள். பெண் எக்காலத்திலும் வழக்காடியதில்லை, ஆகவே சட்டம் எழுதியவர் மனதில் பெண் இருந்திருக்க முடியாது, ஆகவே நபர் என்றால் இந்த இடத்தில் ஆண் என்று 1916-இல் தீர்ப்பானது. இதுவரை விடவில்லை, அதனால் விட வேண்டியதில்லை. 1921-இல் சுதான்சுபாலா ஹஸ்ரா பாட்னா உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அங்கும் அதே பதில். கடைசியில் பெண்ணும் நபர்தான் என்று சொல்வதற்கென்றே 1923-இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டி வந்தது.

கவனி தம்பி, கொலைக்கான தண்டனைப் பிரிவு 'எவரேனும்' என்றுதான் தொடங்குகிறது. அந்த எவரேனுமில் பெண் அடங்குவாளா, சட்டம் எழுதியவர் மனதில் பெண் இருந்தாளா என்று ஆராய்ச்சி செய்து, ஒரு பெண்ணைத் தூக்குமேடையிலிருந்து இறக்கிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கறுப்பு அங்கி என்றால் சூழல் முரண்படும். கயிறு என்றால் முரண்படாது.

காப்பாற்றுகிறேன் என்று சொல்

இது மிக நுட்பமான உத்தி. ஒரு பெண்ணிடமிருந்து எதையாவது பறிக்க வேண்டுமென்றால் பறிக்கிறேன் என்று எழுதாதே. பாதுகாக்கிறேன் என்று எழுது. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் உறுப்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு 1954-ஆம் வருடத்துத் தீர்ப்பு ஒன்று வழிகாட்டி. பிறன் மனைவியுடன் அவனுடைய சம்மதமில்லாமல் கூடினால் குற்றம் என்ற பழைய 497-ஆம் பிரிவு, ஆணைத் தண்டித்தது, பெண்ணைத் தண்டிக்கவில்லை. இது சமத்துவத்துக்கு எதிரானதல்லவா என்று ஒரு ஆண் போய்க் கேட்டார். பெண்களுக்கான சிறப்பு ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது.

பெண்ணுக்கு எவ்வளவு கருணை பார்! கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. கணவன் வேறொரு வீட்டுக்குப் போனால் மனைவி புகார் கொடுக்க முடியாது. அந்த வீட்டுக்காரன்தான் கொடுக்க முடியும். அவளைத் தண்டிக்காமல் விட்டதன் காரணம், அவள் குற்றம் செய்யும் ஆளாகவே கணக்கில் வரவில்லை என்பதுதான். களவுபோன பொருளை யாராவது சிறையில் போடுவார்களா? இதைப் புரிந்துகொண்டு அடித்துப்போட உச்ச நீதிமன்றத்துக்கு 2018 வரை ஆனது.

தொழிற்சாலைச் சட்டமும் இப்படித்தான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் பெண்களுக்குத் தொழிற்சாலையில் வேலை கொடுக்கக் கூடாது என்றது. இருட்டில் ஆபத்தாம். அரசு மருத்துவமனையில் விடிய விடிய நிற்கும் செவிலியருக்கு அந்த ஆபத்து கிடையாது. கோழி கூவுமுன் நாற்றுப் பறிக்கப் போகிறவளுக்கும் கிடையாது. கூடுதல் சம்பளமும் ஓவர்டைமும் கிடைக்கும் ஷிப்ட்டில்தான் இருட்டு பொல்லாதது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடையைச் செல்லாததாக்கிவிட்டது. வருத்தப்படாதே, பாதுகாப்பு என்ற தலைப்புக்கு வயதாவதில்லை. அடுத்த கோப்பில் பயன்படும்.

வேலை ஒன்றாக இருந்தால் பெயரை மாற்று

ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்யும் இடத்தில் சம உரிமை கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பழுத்த உதாரணம் 1981-இல் வந்த ஏர் இந்தியா – நர்கேஷ் மிர்சா வழக்கு. விமானத்துக்குள் சாப்பாடு கொடுத்து, பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் ஆண் ஊழியருக்கு ஓய்வு வயது 58. அதே விமானத்தில் அதே வேலை பார்க்கும் பணிப்பெண்ணுக்கு 35. நிர்வாக இயக்குநர் மனது வைத்தால் கொஞ்சம் நீட்டிப்பு. சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வெளியே. முதல் கர்ப்பம் தரித்தால் வெளியே.

நீதிமன்றம் என்ன சொன்னது? அவர்கள் வேறு பதவி, இவர்கள் வேறு பதவி. தேர்வு விதி வேறு, பதவி உயர்வு வேறு. வேறுவேறானவற்றை ஒப்பிட முடியாது என்றது. ஏன் வேறு பதவி? பெண்களை மட்டும் எடுத்து ஒரு பதவிக்கு ஒரு பெயரும், ஆண்களை மட்டும் எடுத்து இன்னொன்றுக்கு இன்னொரு பெயரும் நிர்வாகம் வைத்ததால். வித்தியாசத்தை முதலில் நீயே உண்டாக்கு, பிறகு அதையே சாட்சிக்கு அழை. முதல் கர்ப்பத்தில் வெளியேற்றுவது கொடுமை என்று அடித்துவிட்டார்கள். மூன்றாவது கர்ப்பத்தில் என்றால் நியாயமாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்கள். நான்கு வருடக் கல்யாணத் தடை தப்பிப் பிழைத்தது.

கர்ப்பம் என்றவுடன் ஞாபகம் வருகிறது, வெளிநாட்டு உத்தி ஒன்று. கலிபோர்னியாவின் தொழிலாளர் காப்பீட்டில் பெரும்பாலான உடல்நலக் குறைவுகளுக்குப் பணம் உண்டு, கர்ப்பத்துக்குக் கிடையாது என்று இருந்தது. இது பால் பாகுபாடுதானே என்று கேட்டதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் சொன்னது: இல்லை, இங்கே இரண்டு கூட்டம்தான் இருக்கிறது, கர்ப்பிணிப் பெண்கள் ஒன்று, கர்ப்பமாக இல்லாத நபர்கள் இன்னொன்று, இரண்டாவது கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்களே! தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிடக்கும் இந்த ரத்தினத்தைப் பெண்ணியச் சட்டப் பேராசிரியர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாலு வருடத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, வேலை இடத்தில் கர்ப்பத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதும் பால் பாகுபாடுதான் என்றாக்கிவிட்டது. சிரிப்புக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது, ஜாக்கிரதை.

நம்மூரிலும் ஒரு நீதிபதி இப்படிச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்தார். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர், 1949-இல் பணிக்கு வந்தவர். அந்தப் பணியின் விதிகளில், பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா நீதிமன்றம் போனார். 1979-இல் வழக்கைக் கேட்ட வி.ஆர். கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு பெண்ணின் திறமையைக் கெடுக்கும் என்றால் ஆணுடையதையும்தானே கெடுக்கும் என்று கேட்டுவைத்தார். அத்தனை வருடம் கோப்பு பார்த்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் குடும்பப் பொறுப்பு இருந்த பக்கத்துக்கு நாங்கள் போனதில்லை.

சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கூப்பிடு

சில சமயம் எவ்வளவு நழுவினாலும், இவர் பெண்ணா இல்லையா என்று நேராகச் சொல்லியே ஆக வேண்டிய கட்டம் வரும். அப்போது பொறுப்பை மருத்துவர் தலையில் கட்டிவிடு. இதற்கு மூலப் பாடம் 1970-இல் இங்கிலாந்தில் நடந்த கார்பெட் வழக்கு. ஏப்ரல் ஆஷ்லி என்ற திருநங்கையின் திருமணம் செல்லுமா என்பது கேள்வி. மருத்துவமும் படித்திருந்த நீதிபதி ஆர்ம்ராட், பிறக்கும்போது குரோமோசோம், பாலணுச் சுரப்பி, பிறப்புறுப்பு மூன்றும் என்ன சொல்கின்றனவோ அதுதான் முடிவு என்றார். ஆளின் மனம் என்ன சொல்கிறது என்பது கணக்கில் இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத உடம்போடு பிறக்கும் மனிதர்களை என்ன செய்வது என்ற சங்கடத்தை அடுத்த வழக்குக்கு ஒத்திவைத்துவிட்டார். முப்பது வருடம் பல நாடுகள் இதைப் பார்த்துப் படியெடுத்தன.

அந்த அடுத்த வழக்குகளில் சில நம் மாவட்டங்களிலேயே நடந்தன. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஒரு பரிசோதனை, பதக்கம் போயிற்று. அவர் ஊக்கமருந்து சாப்பிட்டதாக யாரும் சொல்லவில்லை. பெண் என்று வளர்ந்து, பெண் என்று படித்து, பெண் என்று ஓடியவரிடம் உன் உடம்பு சரியான விடை எழுதவில்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். ஒலிம்பிக்கில் 1968 முதல் முப்பது வருடம் குரோமோசோமைப் பார்த்தார்கள். 1996 அட்லாண்டாவில் எட்டுப் பெண்கள் அந்தச் சோதனையில் தேறவில்லை, கடைசியில் எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். 1999-இல் சோதனையையே கைவிட்டார்கள். பிறகு ஹார்மோனை அளந்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகள அமைப்பு மறுபடியும் மரபணுவுக்கே திரும்பியிருக்கிறது. அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கும். அளக்கப்படுவது யார் என்பது மாறாது.

கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வான ஒருவரை, மருத்துவப் பரிசோதனையில் பெண் இல்லை என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வழக்கு 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். நாகமுத்து முன் வந்தது. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவரை மருத்துவர் ஆணாக்க முடியாது, கட்டாயப் பரிசோதனையே அவருடைய உரிமையில் கை வைப்பது என்று சொல்லி வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே மாதம் 15-ஆம் தேதிதான், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது.

நீதிமன்றம் இப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வது? விண்ணப்பப் படிவம் இருக்கிறதே! அடுத்த வருடமே, சேலத்துக்காரரான பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, திருநங்கைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். அவர் கட்டத்துக்கொரு வழக்காகப் போட்டு, எழுத்துத் தேர்வு, உடற்தகுதி எல்லாம் தாண்டி, 2017-இல் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். எல்லோராலும் அவ்வளவு வழக்குப் போட முடியாது என்பதுதான் நமக்கு ஆறுதல். 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் வந்தபோது இதைவிட நேர்த்தியாகச் செய்தார்கள். ஒரு பிரிவில் தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்லும் உரிமை உண்டு என்று எழுதினார்கள். அடுத்த பிரிவில், அப்படி உணர்ந்ததற்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள் என்று எழுதினார்கள். ஆணென்றோ பெண்ணென்றோ மாற்ற வேண்டுமா, அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்றோடு மறுபடி வா. உணர்வுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் உண்டு.

தூத்துக்குடியில் ஒருவர் ஒரு திருநங்கையைக் கோயிலில் வைத்து மணந்து, பதிவு செய்யப் போனார். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்று இருக்கிறது, இவர் மணமகள் இல்லை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுத்தார்கள். சட்டத்தில் மணமகளுக்கு வரையறை எங்கே இருக்கிறது என்று தேடினால், இல்லை. முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? வரையறுக்காமல் விட்ட இடத்தில் குமாஸ்தாவே சட்டம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்த்துவிட்டார். அதோடு விட்டாரா? ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் சிசுக்களை, ஏதாவது ஒரு பக்கம் சேர்ப்பதற்காக அறுவை செய்யும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். மதுரையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கோபி சங்கர் போன்றவர்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த விஷயம் அது. அதே வருடம் ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று தமிழக அரசு ஆணையே போட்டது. யோசித்துப் பார் தம்பி: சட்டத்தில் இரண்டே கட்டம் இருந்ததால், பச்சைக் குழந்தையை வெட்டிக் கட்டத்துக்குள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். கட்டத்தைத் திருத்துவதுதான் சுலபம் என்பது யாருக்கும் தோன்றாமல் போனதற்கு நம் துறையின் பயிற்சியும் ஒரு காரணம்.

இதில் எல்லாம் ஒரே பக்கம் நியாயம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், அவர்களுடைய சமத்துவச் சட்டத்தில் பால் என்றால் பிறப்பால் அமைந்த உயிரியல் பால்தான் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களும் பெண்ணியவாதிகள்தான், தீர்ப்பைக் கண்டித்தவர்களிலும் பெண்ணியவாதிகள் நிறையப் பேர். உன்னைப் போன்ற வரைவாளனுக்கு இது வரப்பிரசாதம். அவர்கள் அந்த வாதத்தில் இருக்கும்வரை சம்பளம், சொத்து, தண்டனை பற்றிய பிரிவுகளை ஒருவரும் புரட்ட மாட்டார்கள்.

பேராசிரியைகளிடம் எச்சரிக்கையாக இரு

நம் தொழிலுக்கு நிஜமான எதிரிகள் வழக்குப் போடுகிறவர்கள் அல்ல, படித்துவிட்டு எழுதுகிறவர்கள். காவல் நிலையத்துக்குள் வைத்து வன்புணரப்பட்ட பழங்குடிச் சிறுமி மதுராவின் வழக்கில், உடம்பில் காயம் இல்லை, கத்தவில்லை, எனவே சம்மதம்தான் என்று இரண்டு காவலர்களையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்று நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்து போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அதன் சாரம். தெருவுக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். 1983-இல் சட்டத்தையே திருத்தும்படி ஆயிற்று. ஒரு தபால் செலவில்!

அதற்குப் பிறகு ரத்னா கபூர், பிரெண்டா காஸ்மன் என்று இருவர் 1996-இல் புத்தகம் போட்டு, இந்திய நீதிமன்றங்கள் பெண்ணை மூன்று விதமாகப் பார்ப்பதாகப் பட்டியல் எடுத்தார்கள்: பாதுகாக்க வேண்டிய பலவீனமானவள், ஆணைப் போன்றவள், காலங்காலமாகத் தாழ்த்தப்பட்டதால் ஈடு செய்யப்பட வேண்டியவள். நம் கோப்புகளில் முதல் இரண்டுதான் அதிகம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வழக்கறிஞர் ஃபிளேவியா ஆக்னஸ் திருமணச் சட்டங்களைப் புரட்டினார். அமெரிக்காவில் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல், கறுப்பினப் பெண்ணைக் கறுப்பர் என்ற கட்டத்திலும் பெண் என்ற கட்டத்திலும் தனித்தனியே தேடும் நீதிமன்றம், அவள் நிற்கும் இடத்தைக் காணவே முடியாது என்று எழுதினார்.

இந்தக் கடைசிச் சங்கதியை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு 2021-இல் நம் உச்ச நீதிமன்றமே வழி காட்டியது. பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நடந்த வன்கொடுமை வழக்கு. கிரென்ஷாவையும் மேற்கோள் காட்டி, சாதியும் பாலும் ஊனமும் ஒரே உடம்பில் பின்னிக் கிடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக, உண்மையிலேயே அருமையாக எழுதினார்கள். கடைசியில் வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையை உறுதிசெய்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனையை மட்டும் நீக்கினார்கள். அவள் இந்தச் சாதி என்ற காரணத்தால்தான் அது நடந்தது என்பதற்குத் தனியே சாட்சியம் இல்லையாம். கொள்கை அவர்களுக்கு, பிரிவு நமக்கு. அந்தப் பிரிவின் வாசகத்தை அதற்குள் திருத்தியிருந்தார்கள். நல்ல வேளையாகக் குற்றம் நடந்தது திருத்தத்துக்கு முன்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தீர்ப்புகளில் பெண்களைப் பற்றி எப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று ஒரு கையேடே வெளியிட்டது. நம் கையேட்டுக்கு நேர் எதிர். அலமாரியில் அது கண்ணில் பட்டால் எடுத்து மேல் தட்டில் வை.

மகளை மனைவியாக்கு, காரியம் முடிந்தது

எல்லா உத்தியும் தோற்றால் கடைசி ஆயுதம் இது. பெண்ணைப் பெண் என்றே எழுதாதே. மகள், மனைவி, விதவை என்று எழுது. 1989-இல் தமிழ்நாடு, நாட்டுக்கே முன்னோடியாக நின்ற சில மாநிலங்களில் ஒன்றாக, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் கொண்டுவந்தது. பெருமைப்பட வேண்டிய சட்டம்தான். அதில் நம் ஆள் ஒருவர் ஒரு வரி சேர்த்தார்: 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இது பொருந்தாது. 24-ஆம் தேதி தாலி ஏறியவள் மகள் இல்லை. மகன் எத்தனை கல்யாணம் செய்திருந்தாலும் மகன். அந்த வரியைக் கழற்ற 2005-இல் மத்தியச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இன்னும் யாரும் கழற்றாதது ஒன்று இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் அவன் சொத்தில் அவனுடைய தாய்க்கு முதல் வரிசையில் பங்கு; மனைவியின் அண்ணன் தம்பிகள் எந்த வரிசையிலும் இல்லை. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், பிள்ளைகளும் கணவனும் இல்லாவிட்டால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் பெற்றவர்களின் முறை. கல்யாணமான மூன்று மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டால் துரத்தப்பட்டு, பெற்றோர் வீட்டில் படித்து, வேலைக்குப் போய்ச் சொத்துச் சேர்த்த ஒருவரின் வழக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் வந்தது. அவருடைய தாய் கேட்டார். துரத்திய வீட்டிலிருந்து கணவனின் அக்காள் தங்கை மக்களும் கேட்டார்கள். அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்று சொல்லி நீதிமன்றம் நாத்தனார் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. நாற்பது வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பம். சட்டத்தின் கண்ணில் அவர் சாகும்வரை அந்த வீட்டு மருமகள்.

அந்தப் பிரிவு இன்றும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கும் பெண்களில் சொந்தமாகச் சம்பாதிப்பவர்கள், வங்கியில் நாலு காசும் பெயரில் ஒரு மனையும் வைத்திருப்பவர்கள், ஒரு உயில் எழுதி வையுங்கள். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் வேண்டியதில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருந்தால் அது செல்லும்.